மரகதம் அக்காவின் மேசையில் இருந்த கறை

அச்சகத்தின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். போனில் ஒரு படம் வந்து விழுந்தது. மரகதம் அக்காவின் படம். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை, நெற்றியில் திருநீறு, போட்டோகிராபரைத் திட்டப்போகிற முகம். அதற்குக் கீழே அவருடைய மகன் சரவணனின் குரல்பதிவு இருந்தது. "மாமா, அம்மா போயிருச்சு. வெடியக்காலம் மதுரை ஆஸ்பத்திரியில. போஸ்டர் அடிக்கணும் மாமா, வெரசா வேணும்."

என் தொழில் அப்படி. போடிநாயக்கனூரில் அச்சகம் வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி பெரும்பாலும் ஆர்டராகத்தான் வரும். அழுவதா, அளவு கேட்பதா என்று தெரியவில்லை. பிறகு அளவு கேட்டேன். சரவணன் அனுப்பிய வாசகத்தில், காலஞ்சென்ற ஏலக்காய் வியாபாரி சுப்பையாவின் மனைவி என்று இருந்தது. இன்னாரின் தாயார் என்று இருந்தது. அவ்வளவுதான். "பழைய மரச்சாமான் வியாபாரின்னு ஒரு வரி போடட்டுமாப்பா?" என்று கேட்டேன். "அது எதுக்கு மாமா, பழைய பேப்பர் எடுக்கிறவுக மாதிரி இருக்கும்" என்றான். அவன் சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். அந்தப் போஸ்டர் இப்போதும் பஸ் ஸ்டாண்டு சுவரில் பாதி கிழிந்து தொங்குகிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. அதில் விட்டுப்போனதை, அக்காவை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது என் ஜீப்பால்தான். அவர்கள் வீட்டோடு சேர்ந்த, ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியும் என் அச்சகமும் பின்சுவர் ஒட்டியவை. சுப்பையா அண்ணன் இறந்த பிறகு சரவணன் கடையைப் பார்த்துக்கொண்டான். அக்காவுக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. மலையில் கைமாறுகிற எஸ்டேட் பங்களாக்களில் இருந்து பழைய மேசை, பெட்டி, நாற்காலிகளை வாங்கி விற்கத் தொடங்கினார். ஒருநாள் அச்சகத்துக்குள் நேராக வந்து நின்றார்.

"தம்பி, ஜீப்பு சும்மாதானே நிக்கிது? மெட்டுக்கு மேல ஒரு பங்களாவுல சாமான் விக்கிறாகளாம். வாங்க, போய்ட்டு வந்துருவோம்."

"எனக்கு மரத்தைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். மேனேஜருக பொம்பளை கூட வெல பேச மாட்டாக. நீங்க பக்கத்துல மொறைச்சுக்கிட்டு நில்லுங்க, அது போதும்."

அந்த முறைத்துக்கொண்டு நிற்கும் வேலையை நான் வருஷக்கணக்கில் பார்த்தேன். சம்பளம், வழியில் ஒரு டீயும் பருப்பு வடையும்.

அந்த முதல் பயணமே என்னை வெட்கத்தில் தள்ளியது. போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த பங்களா அது. மேனேஜர் முன் ஹாலில் இருந்த தேக்கு பீரோவைத் தட்டித் தட்டிக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் உரமூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு கருத்த மேசையிடம் போனார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, மேசைக்கு அடியில் நகர்ந்து போய்விட்டார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டுமே. பங்களா வாட்ச்மேன் மலையாளி. "ஐயோ, சேச்சிக்கு எந்து பற்றி?" என்று பதறினார். மயக்கம் போட்டுவிட்டார் என்று நினைத்து மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அடியிலிருந்து குரல் வந்தது. "தண்ணியெல்லாம் வேணாம். தம்பி, டார்ச்சு பத்தல, நீங்களும் உள்ள வாங்க."

நான் போகவில்லை. ஊர் பார்க்க ஒரு மேசைக்கடியில் ஊர்ந்து போகிற துணிச்சல் எனக்கு அன்று இல்லை.

திரும்பும்போது ஜீப்பில், தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துக்கொண்டே சொன்னார். "மேல பாக்குறதுக்கு எல்லாரும் இருக்காக தம்பி. மேல சாயம் பூசலாம், வார்னிஷ் அடிக்கலாம். அடியில எவனும் பொய் சொல்ல மாட்டான். யாரும் பாக்கப் போறதில்லைன்னு விட்டுருவான்." அவர் தேடியது ரம்பத்தின் தடம். வட்ட ரம்பத்தில் அறுத்திருந்தால் பலகையின் அடியில் வளைந்த கோடுகள் இருக்கும். அது மிஷின் காலத்து மேசை. கோடுகள் நேராக, ஒன்றுக்கொன்று சற்றே கோணலாக இருந்தால் இரண்டு ஆட்கள் கையால் அறுத்தது. கோடே இல்லாமல், மரத்தைச் செதுக்குகிற வாய்ச்சி கொத்திய பள்ளங்கள் மட்டும் இருந்தால் அது இன்னும் பழையது; அக்காவின் முகத்தில் ஒரு மாறுதல் வரும். அதை மேனேஜர் பார்த்துவிடாமல் மறைக்கத்தான் நான் முன்னால் வந்து முறைக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே கற்றார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போனில்தான். வெள்ளைக்காரர் ஒருவர் மேசை நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுப் பேசுகிற வீடியோக்களைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். "அவன் பேசுறது வெளங்காது. கை எங்கெங்க போகுதுன்னு பாத்தாப் போதும்" என்பார். மிச்சத்தை உடைந்த நாற்காலிகளைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

எங்கள் ஊரில் மரம் என்றால் தேக்கு, அதற்கு மேலே போனால் தோதகத்தி என்கிற ஈட்டி. அக்கா தேடிப்போனதோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஓக். அதைச் சீமை மரம் என்பார்கள், கொஞ்சம் ஏளனமாக. கனம் அதிகம், நிறம் கருப்பு, ஓரமெல்லாம் கோணல், ஒரு பளபளப்பும் கிடையாது. அக்காவிடம் வருபவர்களில் பாதிப் பேர் அந்தச் சாமான்களைப் பார்த்துவிட்டு, "நல்லா இழைச்சு பாலிஷ் போட்டுக் குடுங்க, எடுத்துக்கிறோம்" என்பார்கள். அக்கா அவர்களுக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவார்.

உரமூட்டைக்கு அடியில் கிடந்த அந்தக் கருத்த மேசைதான் கடைசிவரை அவர் வீட்டு ஹாலில் இருந்தது. அவர் விற்க மறுத்த ஒரே பொருள் அது. நீளமான, அகலம் குறைந்த ஓக் மேசை. ஓர் இரும்பு ஆணி கிடையாது, ஒரு சொட்டுப் பசை கிடையாது. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்துச் சேர்த்திருந்தார்கள். அந்தக் குறுக்குத் துளைகளை நேருக்கு நேர் போடாமல் ஒரு நூல் தள்ளிப் போட்டிருப்பார்கள் என்று அக்கா சொன்னார். ஆணி உள்ளே இறங்க இறங்கக் கட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். காலம் போகப் போக மரம் சுருங்கும். மர ஆணியின் தலை மட்டும் சற்று வெளியே துருத்தி நிற்கும். என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அதன்மேல் வைத்து, "இந்தா, தட்டுப்படுதா?" என்று கேட்டார். தட்டுப்பட்டது. மேற்பலகையின் நிறத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கருப்பு இல்லை, பழுப்பும் இல்லை. வெளிச்சம் சாய்ந்து விழும்போது மரத்துக்குள் இருந்து வெள்ளைக் கீற்றுகள் எழும்பி வரும். சாயமும் பூச்சும் தராத நிறம். எண்ணெயும் புகையும் மெழுகும், எத்தனையோ பேருடைய உள்ளங்கையும் சேர்ந்து தந்தது. கொச்சியிலிருந்து வருகிற வியாபாரி ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முந்நூறு வருஷத்துக்குக் குறையாது, ஏதோ துரை குடும்பச் சொத்தாகக் கப்பலில் வந்திருக்க வேண்டும் என்றார்.

எனக்கு அந்த மேசையோடு ஒரு சண்டை உண்டு. என் அப்பா அந்த மலையில் மூட்டை தூக்கியவர். பங்களா வாசலுக்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "துரை சாப்பிட்ட எச்சில் மேசையை நடுவீட்டுல வச்சுக் கும்பிடுறீங்களேக்கா, உங்களுக்குக் கூசலையா?"

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மேசைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சட்டத்தில் காலை வைக்கச் சொன்னார். வைத்தேன். அந்தச் சட்டம் நடுவில் குழிந்திருந்தது. செருப்புக் கால்களை வைத்து வைத்துத் தேய்ந்த குழி. என் கால் அதில் சரியாகப் பொருந்தியது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இதச் செஞ்சவன் தொரை இல்ல தம்பி. அவன் ஊருலயும் ஆசாரி ஆசாரிதான். இதத் தோள்ல வச்சு மலை ஏத்துனவுக நம்மாளுக. அப்ப ரோடு ஏது, ஜீப்பு ஏது? தொரை நடுவுல கொஞ்ச நாள் உக்காந்து தின்னுட்டுப் போனான், அம்புட்டுத்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தூக்குனவுக எத்தனை பேருன்னுதான் தெரியல. ஒருத்தரு பேரும் தெரியல. அத நெனச்சா எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் முழுச் சமாதானம் இல்லை. ஆனால் அவருக்கும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டேன்.

அக்கா மகா சத்தியவதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயதைக் குறைத்துச் சொல்வார். சர்க்கரை டாக்டரிடம் இனிப்பைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் அல்வாக் கடையில் ஜீப்பை நிறுத்தச் சொல்வார். ஆனால் மரத்தைப் பற்றி மட்டும் அவர் வாயில் பொய் வராது. அந்தக் கொச்சி வியாபாரி ஒருமுறை செதுக்குவேலை நிறைந்த ஓக் பெட்டி ஒன்றின்மேல் ஆசைப்பட்டு, விலை பேசி முடித்து, லோடு ஏற்ற ஆளையும் கூப்பிட்டுவிட்டார். அக்கா குறுக்கே போய், "கொஞ்சம் பொறுங்க. மூடி வேற பெட்டியோடது. காலு ரெண்டும் நம்ம ஊருல வச்சது. அடியில பாத்துட்டு அப்பறம் தூக்குங்க" என்றார். வியாபாரி குனிந்து பார்த்தார். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சரவணன் அம்மாவிடம் ஒரு குதி குதித்தான். "அவரே கேக்கல. நீ எதுக்கும்மா வாயக் குடுக்குற?" அக்கா நிதானமாகச் சொன்னார்: "கேட்டாச் சொல்றது வியாபாரம். கேக்காமச் சொன்னாத்தான் அது உண்மை."

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. ஆனால் அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சரவணனின் மனைவி வளர்மதி. கம்பத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வாய் அதிகம் பேசாதவள், கை ஓயாதவள். கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் காலை, கழுவின இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு அந்த மேசையில் வைத்துவிட்டுப் பால்காரர் கூப்பிட்டாரென்று வாசலுக்குப் போனாள். போன இடத்தில் அவர் பேச்சை வளர்த்துவிட்டார். வந்து கல்லைத் தூக்கினால் கீழே மையால் வரைந்த மாதிரி ஒரு கருப்பு வளையம். ஓக் மரத்துக்குள் கடுக்காயில் இருக்கிற மாதிரி ஒரு துவர்ப்பு உண்டு. ஈரமும் இரும்பும் பட்டால் கருத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாகும் கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தேக்கில் வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள்.

அக்கா அன்று கத்திய கத்து என் அச்சகம்வரை கேட்டது. "முந்நூறு வருஷமா எவனும் வைக்காத கறைய என் வீட்டுக்கு வந்து நீ வச்சுட்டியே ஆத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வளர்மதி பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சரவணன் போய் அழைத்துவந்தான். வந்தாள், ஆனால் அந்த மேசையில் மறுபடி உட்காரவே இல்லை. எல்லோருக்கும் அதில் பரிமாறிவிட்டுத் தான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே மேசையில் சாப்பிடுவார். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு பலகைக்காக ஒரு பெண்ணை இப்படித் தள்ளி உட்கார வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "நான் ஒண்ணும் தள்ளி வைக்கல. அவளாத்தான் உக்காரல" என்றார். அக்காவின் பிடிவாதம் அப்படிப்பட்டது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மேசையருகே தனியாக உட்கார்ந்து, அந்தக் கருப்பு வளையத்தின்மேல் விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மேசையில இருக்கிற கீறலு, கறை, சூடு எல்லாம் எவனெவனோ வச்சது. மொகம் தெரியாது, பேரு தெரியாது. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச கை வச்சது. தெனமும் எனக்குத் தோசை ஊத்திக் குடுக்கிற கை."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இதை வளர்மதிகிட்டச் சொன்னீங்களாக்கா?"

"சொல்லணும்."

"எப்ப?"

"நேரம் பாத்து நானே சொல்றேன். நீங்க போய் முந்திக்கிராதீக. அது என் வாயில இருந்துதான் போகணும். திட்டுன வாயும் இதுதானே."

மரத்தைப் பற்றிக் கேட்காமலே உண்மை சொன்னவருக்கு, மருமகளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல நேரம் அமையவே இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே பேச்சுதான். மூச்சு வாங்கிக்கொண்டே, "வீட்டுக்குப் போனதும் மொத சோலி அதுதான் தம்பி" என்றார். வளர்மதி அப்போது வெளியே வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "இங்கயா? ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னா சாகப்போறேன்னு சொன்ன மாதிரி இருக்கும். வீட்டுல வச்சுச் சொல்றேன்" என்றார். வீடு திரும்பியது அவர் உடல்தான்.

கருமாதி அன்று போனேன். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் சாம்பிராணிக்கு முன்னால் வார்னிஷ் வாடை வந்து முகத்தில் அடித்தது. ஹாலுக்குள் நுழைந்தேன். உரித்த பனங்கிழங்கு நிறத்தில், கண்ணைப் பறிக்கிற பளபளப்போடு ஒரு மேசை இருந்தது. அதன்மேல் மாலை போட்ட அக்காவின் படம். கையை வைத்தேன். கண்ணாடி மாதிரி வழுக்கியது. மர ஆணிகள் தட்டுப்படவில்லை.

சரவணன் மழித்த தலையோடு வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "எப்படி இருக்கு மாமா? ஆள் வைக்கல, நானே தேய்ச்சேன். மிஷின் வாடகைக்கு எடுத்தாந்து, ராப்பகலா இதே சோலிதான்" என்றான். அம்மா இறந்த பிறகு அவன் முகத்தில் தெரிந்த முதல் நிம்மதி அது. "அந்தக் கறையைப் பாத்துப் பாத்து அம்மா வெந்துக்கிட்டே இருந்துச்சு மாமா. வளருக்கும் அது ஒரு முள்ளாவே இருந்துச்சு. அத எடுத்துட்டா அம்மா மனசு ஆறும்னுதான்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அக்காவின் படத்தைச் சற்று தூக்கிக் காட்டினான். படத்துக்கு அடியில், வெளுத்த மரத்துக்குள் இருந்து, மங்கலாக அந்த வளையம் தெரிந்தது. "இது மட்டும் முழுசாப் போகல. உள்ள எறங்கிருச்சு. இன்னைக்குப் படத்தை வச்சு மறைச்சுட்டேன். நாளைக்கு இன்னொரு வாட்டி மிஷினை ஓட்டுனா போயிரும்."

அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு வளர்மதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்தால் நாளை அந்த வளையமும் போய்விடும். அக்கா நேசித்த ஒன்று, கடைசியாக மிஞ்சிய ஒன்று. பேசினால், அம்மாவுக்குச் செய்ததாக இவன் நினைத்துக்கொண்டிருக்கும் காரியம் என்ன காரியம் என்று இவனுக்குத் தெரிந்துபோகும். அதுவும் தலை மழித்து நிற்கிற நாளில். வேட்டியை இறுக்கிக்கொண்டு தரையில் படுத்து, அந்த மேசைக்கு அடியில் நகர்ந்து போனேன். "பாவம், கூடப் பொறந்த பொறப்பு மாதிரிப் பழகுனவரு" என்று யாரோ ஓர் அம்மாள் சொல்வது கேட்டது. போனில் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தேன். அடியில் மிஷின் எட்டவில்லை. வாய்ச்சி கொத்திய பள்ளங்கள் வரிசை வரிசையாக இருந்தன. கரிய, சொரசொரப்பான, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவைத்த மரம். அக்கா கூப்பிட்டபோது வராத நான், அவர் போன பிறகு அங்கே வந்து படுத்திருந்தேன். அடக்க முடியாமல் அழுதேன். அழுது முடித்தபோது, இங்கே கிடந்துகொண்டு பொய் சொல்ல முடியாது என்று தோன்றிவிட்டது.

உறவுக்காரர்கள் பந்திக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு, "சரவணா, அந்த மிஷினைத் திருப்பிக் குடுத்துரு" என்று தொடங்கினேன். வளையத்தைப் பற்றி அக்கா சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். தோசை ஊற்றிக் கொடுக்கிற கை என்று சொன்னதையும், வீட்டுக்குப் போனதும் முதல் சோலி என்று சொன்னதையும் சொன்னேன்.

வளர்மதி நிலையை விட்டு நகரவில்லை. "அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. செத்தவர்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

சரவணன் மேசையின் மறுகோடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஏலக்காயைக் கையில் அள்ளியதும் தரம் சொல்கிறவன். கொஞ்சம் தாமதமானாலும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்ப மாமா, மத்த எடத்துல இருந்த கருப்பெல்லாம்..."

"அந்தக் கருப்புக்காகத்தான்ப்பா அம்மா இத விக்காம வச்சிருந்தது."

"எண்ணெய் கிண்ணெய் போட்டாத் திரும்ப வராதா?"

நாள் போனால் வரும் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கொச்சி வியாபாரிக்கே உண்மையைச் சொன்ன அக்கா, மகனுக்குச் சொல்லாமல் விட்டிருப்பாரா? "வராதுப்பா" என்றேன். அவன் மழித்த தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் செய்தது சரிதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்போது வளர்மதி வந்தாள். வளையத்தை மறைத்துக்கொண்டிருந்த படத்தை மாலையோடு தூக்கி, மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அடியில் அவள் கால் அந்தச் சட்டத்தைத் தேடி ஏறியதைப் பார்த்தேன்.

ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் எதையும் எடுத்த எடுப்பில் கொட்டிவிட மாட்டார்கள். கூட்டிப் பெருக்கின தூசிக்கும் அங்கே ஒரு உபயோகம் உண்டு. மேசையைத் தேய்த்த தூளையும் சரவணன் ஒரு சாக்கில் கட்டிப் பின்கட்டில் வைத்திருந்தான். கிளம்பும்போது அதிலிருந்து ஒரு கை அள்ளி வந்தேன். அச்சகத்தில் என் மேசை இழுப்பறையில், ஏலக்காய் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். கரும்பழுப்புத் தூள், லேசாக மெழுகு வாசம். மெட்டுப்பாதையில் அந்த மேசையைத் தூக்கி வந்த தோள்கள், அதில் சாப்பிட்ட துரை, என் கையைப் பிடித்து மர ஆணியைக் காட்டிய அக்காவின் விரல்கள், எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கின்றன. அக்கா கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். உங்கள் மேசை என்னிடம் டப்பாவில் இருக்கிறது அக்கா. கறை மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.